சுவருக்கு அந்தப் பக்கம்

என் மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். "வெள்ளையடிச்சாச்சா, பூவுக்குச் சொல்லியாச்சா" என்று வெளியூரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. எல்லாம் ஆச்சு. ஆனால் இந்த வருஷம் ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்குக் கசக்கும்.

பாலக்கரையில் வளர்ந்தவர்களுக்கு மேலப்புதூர் கல்லறையைத் தெரியாமல் இருக்காது. நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்ற சாதியார். பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்திதான், நம் வீடுகளில்தான் பேசுவதில்லை. சின்ன வயதில் "அந்தப் பக்கம் யாருப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "மெழுகுவத்தி அணையுது பார்" என்றார்.

எபேசியர் கடிதம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இரு இனத்தாரைப் பிரித்த சுவரைக் கிறிஸ்து தம் உடலாலேயே தகர்த்தார் என்கிறார் பவுல். இது வெறும் உவமை அல்ல. எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தார் தாண்டக்கூடாத தடுப்பு ஒன்று உண்மையிலேயே இருந்தது. தாண்டினால் சாவு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் ஊர்க் கதையும் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம், நடுவில் சுவர். 1910இல் இயேசு சபைக் குருக்கள் அதை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் யார்? ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்த குடும்பங்கள்தான். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதனால்தான் "ஆயர் பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சுவரைக் காப்பது கல்லறையில் இடம் வைத்திருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள்.

"செத்தவங்களுக்கு என்ன சாதி, விடுங்க சார்" என்பீர்கள். அதைத்தானே நானும் கேட்கிறேன்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வழியில், கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சலுகை கேட்டால் உனக்குச் சாதி இல்லை என்கிறார்கள். புதைக்கப் போனால் இருக்கிறது என்கிறோம்.

என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பையன் ஒருவன் போன வருஷம் இறந்தான். பூசைக்குப் போனேன், பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரை நடந்தேன். வாசல் தாண்டியதும் கால் தானாக நம் பக்கம் திரும்பியது. பழக்கம். ஓர் உறுப்பு வருந்தினால் உடல் முழுவதும் வருந்தும் என்ற கொரிந்தியர் பகுதியை மறைக்கல்வி வகுப்பில் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! மண் போடுகிறவரை அப்பாவின் கல்லறை ஓரமாகவே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வருஷம் முதல் மெழுகுவத்தி அவனுக்கு. சாயங்காலம் நாலு மணிக்குப் போகிறேன். அதன் பிறகுதான் அப்பா அம்மாவிடம் வருவேன். கூட வருகிறவர்கள் வரலாம். எனக்கு நேரம் வரும்போது, அங்குள்ளவர்கள் சம்மதித்தால், அந்தப் பக்கமே இடம் கேளுங்கள். தம்பியிடம் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் பேசவில்லை.