பிள்ளையின் மார்க்கில் உங்கள் மானத்தைத் தேடாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வரும் காலையில் நம் வீடுகளில் என்ன பேசுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். செல்போனில் மார்க் தெரிந்ததும் "என் மானத்தை வாங்கிட்டியே" என்கிறார் அப்பா. பெரியம்மா வீட்டிலிருந்து போன் வருகிறது; எடுக்காதே என்று அம்மா கையை ஆட்டுகிறார். "மானம் கப்பலேறிப் போச்சு" என்கிறார் பாட்டி. தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது பிள்ளை.

எந்தச் சொல்லை எடுத்து வீசுகிறோம் என்று தெரிந்துதான் வீசுகிறோமா? வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட நாணத்தால் சேரமான் பெருஞ்சேரலாதன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான். சிறையில் கேட்ட தண்ணீரை அலட்சியமாகத் தாமதித்துக் கொடுத்தார்கள் என்று சேரமான் கணைக்கால் இரும்பொறை அதைக் குடிக்க மறுத்தான். இந்தக் கதைகளைப் பெருமையாகச் சொல்லி வளர்த்ததும் நாம்தான். அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், கணக்கில் 42 வாங்கியதற்கு மானம் போய்விட்டது என்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கும்?

திருக்குறளின் 97ஆம் அதிகாரமே மானம். மலைபோல் உயர்ந்தவரும் குன்றிமணி அளவு இழிசெயல் செய்தால் தாழ்ந்துபோவார் என்கிறார் வள்ளுவர். அந்தத் தாழ்வு செயலைச் செய்தவருக்குத்தான், அதுவும் இழிசெயலுக்குத்தான். குறைந்த மார்க் எந்தக் கணக்கில் இழிசெயல்? லஞ்சம் கொடுத்துக் காரியம் முடிக்கும்போதும், வாங்கிய கடனை இழுத்தடிக்கும்போதும் கூசாத நம் மானம், பிள்ளையின் மார்க்குக்கு மட்டும் கூசுவது அநியாயம்.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. நாம் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தொடர்கிறோம். மாணவரை மனரீதியாகத் துன்புறுத்துவதைப் பள்ளியில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வாத்தியார் சொன்னால் சண்டைக்குப் போகும் நாம், அதே வார்த்தையை வீட்டில் சொல்லலாமா?

தேர்ச்சி பெறாவிட்டால் துணைத்தேர்வு இருக்கிறது, வருடம் வீணாகாது. முடிவு வரும் நாளில் பிள்ளையை முதலில் சாப்பிட வையுங்கள். சொந்தக்காரர் போனை நீங்களே எடுத்து, மார்க்கை நிமிர்ந்து சொல்லுங்கள். பிள்ளை பேசாமல் ஒடுங்கிப்போனால் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். மானம் என்ற பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.