துடுக்கும் துடுப்பும்

வேலைக்குப் போகும் நம் பெண்களில் பலர் பஸ்ஸிலும் ரயிலிலும் கைப்பேசியில் தொடர்கதை படிக்கிறார்கள். வாரப் பத்திரிகை எப்போது வரும் என்று கடை வாசலில் காத்து நின்ற காலம் மாறி, அத்தியாயங்கள் இன்று கைக்கே வந்து சேருகின்றன. அவற்றில் ஒரு வகைக்குத் தனி வரவேற்பு உண்டு. துடுக்கான ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புவாள். வழியெல்லாம் ஆபத்து, ஆபத்துக்கு நடுவே சிரிப்பு. "இதெல்லாம் ஒரு கதையா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

நம் கட்சி வேறு. இந்த வகைக் கதை தமிழுக்குப் புதிதும் அல்ல, தள்ளத் தக்கதும் அல்ல. ஆனால் இன்று எழுதுகிறவர்களிடம் நமக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லப் பூங்குழலியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

1950-இல் 'கல்கி' வார இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954 வரை தொடர்ந்தது. குந்தவை, வானதி, நந்தினி என்று அரண்மனைப் பெண்கள் நிறைந்த கதை. அவர்கள் நடுவே கோடிக்கரையில் கலங்கரை விளக்கைக் காக்கும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி, ஓடக்காரப் பெண். இரண்டாம் பாகமே அவளோடுதான் தொடங்குகிறது. மகாவீரனான வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் அகப்பட்டுக் கொள்கிறான். அவனைக் கரையேற்றுவது யார்? அவள்தான். படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுபோய் விடுவதும் அவள்தான். பின்னால் இளவரசர் அருள்மொழிவர்மரும் அவனும் சுழற்காற்றில் சிக்கிக் கடலில் தத்தளித்தபோது, படகோடு வந்து காப்பாற்றுவதும் அவளே. காய்ச்சலில் கிடந்த இளவரசரைச் சேந்தன் அமுதனோடு சேர்ந்து கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் அவளே.

இத்தனையும் எதனால் முடிந்தது? அவளுக்கு வாய்த்துடுக்கு உண்டு, கேலியும் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் ஆட்களைக் கரை சேர்த்தது அவை அல்ல. எந்த இடத்தில் சேறு ஆளை விழுங்கும், கடலில் படகை எப்படிச் செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், அரண்மனைக்காரர்களுக்குத் தெரியாது. அவளுடைய துணிச்சல் துடுக்கில் இல்லை, துடுப்பில் இருக்கிறது.

இன்றைய கதைகள் பலவற்றில் நாயகி பக்கத்துக்குப் பக்கம் எதிர்த்துப் பேசுகிறாள். ஆபத்து வந்ததும் மயங்கி விழுகிறாள். நாயகன் வந்து தூக்கிக் கொள்கிறான். அவளுக்கு என்ன வேலை தெரியும் என்று கடைசி வரை நமக்குத் தெரிவதில்லை. இதுதான் நம் குறை.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாஷை தெரியாத ஊரில் நம்மைக் காலூன்ற வைத்தது எது? கற்ற தொழில். லேத்தில் நிற்பவரானாலும், ஆபீசில் கணக்கு எழுதுபவரானாலும், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கும் பெண்ணானாலும், வேலை கைவந்த பிறகுதான் தைரியம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏற்ற கதாநாயகி, தன் தொழிலால் தலைநிமிர்ந்து நடக்கிறவள் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமோ மராத்தியோ இந்தியோ படிக்கிறார்கள். பலருக்குத் தமிழ் காதோடு நின்று விடுகிறது. "தமிழ் படி" என்று அதட்டி உட்கார வைப்பதைவிட, "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற ஆவல் சீக்கிரம் எழுத்துக் கூட்ட வைக்கும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. காசில்லாமல் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்த திரைப்படத்தில் பிள்ளைகள் பூங்குழலியைப் பார்த்திருப்பார்கள். ஐந்து பாகம் நீளும் அவள் கதையை முழுதாக அறியப் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், சாப்பாட்டுக்குப் பிறகு, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் அந்தக் கைப்பேசியைப் பிடுங்காமல், கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கட்டும். எழுதுகிறவர்கள் நாயகியின் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கட்டும். துடுக்கான பேச்சு அவளுக்குத் தானே வரும்.