வேன் யாருடைய தயவு?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் தனி வேன் விடும் பணத்தில் ஆசிரியர்களை நியமிக்கலாம், பெற்றோரே காரில் கொண்டுவந்து விடட்டும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அமெரிக்கச் சட்டத்தை அவர் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே சிறப்புக் கல்விச் சட்டப்படி போக்குவரத்தும் கல்வியோடு சேர்ந்த சேவை. வீட்டிலிருந்து பள்ளிக்கு மட்டுமா? பள்ளிக் கட்டடத்துக்குள் நகர்வதும், சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்டும் அதில் அடக்கம். கேட்டவருக்கெல்லாம் வேன் வந்து நிற்பதில்லை. பெற்றோரும் உட்காரும் குழு, இந்தக் குழந்தைக்கு இது தேவை என்று தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் இலவசம், பேரத்துக்கு இடமில்லை.

செலவுப் புலம்பலும் பழசுதான். வென்டிலேட்டரோடு வரும் மாணவனுக்குப் பள்ளி நேரம் முழுக்கச் செவிலியர் வைக்கக் கட்டுப்படியாகாது என்ற சீடர் ராப்பிட்ஸ் பள்ளி மாவட்டம், 1999இல் உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று தோற்றது. வழக்கு வேனைப் பற்றியதல்ல, சரி. ஆனால் காலிப் பர்ஸைக் காட்டித் தப்பும் வாசலை அடைத்த தீர்ப்பு அது.

பணம் போதவில்லை என்பது உண்மை. ஒரு மாணவருக்கு நாடு செலவிடும் சராசரித் தொகையில் 40 சதவீதம் வரை சிறப்புக் கல்விக்குத் தருவதாக 1975இல் சொன்ன அமெரிக்க நாடாளுமன்றம், அந்த அளவை ஒருமுறைகூட எட்டியதில்லை. கட்டுரையாளர் தன் கோபத்தை அங்கே காட்டலாம்.