பெண் மருத்துவர் வேண்டும், மகளுக்கு உயிரியல் வேண்டாமா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் மஹல்லாக்களில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். மகன் என்றால், மதிப்பெண் குறைந்திருந்தாலும் கணிதப் பிரிவுக்காகத் தந்தை பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவார். மகள் 480 வாங்கியிருந்தாலும், வீட்டருகே உள்ள பள்ளியில் எந்தப் பிரிவு கிடைக்கிறதோ அதுவே அவளுக்குப் போதும்!

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தினேன். இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மாணவர்கள் 24இல் திணறிக்கொண்டிருக்க, சொத்தை 72 பங்காக வைத்து 9, 12, 34, 17 எனப் பிரித்துச் சொன்னவள் ஒரு மாணவி. பதினொன்றாம் வகுப்பில் அவள் கணிதம் கேட்டபோது தந்தை என்னிடம் சொன்னார்: "பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு ஹஜ்ரத்? நாளைக்கு மாப்பிள்ளை பார்த்துக்குவார்."

இதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பதுதான் என்னால் பொறுக்க இயலாதது. ஃபராயிள் கணக்கில் ஐயம் எழுந்தால் மூத்த ஸஹாபாக்களே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசல் கூடாரத்தில் மருத்துவம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. நம் வீட்டுப் பிரசவத்திற்கோ பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடுகிறோம். அவர் எங்கிருந்து வருவார்? வேறு யாரோ ஒருவர் தம் மகளுக்கு உயிரியல் எடுத்துக் கொடுத்ததால் வருகிறார்.

தூரம், பர்தா, செய்முறை வகுப்பு முடிந்து மாலையில் திரும்பும் அச்சம் ஆகியவை உண்மையான கவலைகளே; நானும் இரு பெண்களின் தந்தை. ஆனால் திருமண மண்டபத்திற்குக் குளிர்சாதனம் பொருத்தும் ஜமாஅத்திற்கு, மாணவியருக்கென ஒரு வேன் ஓட்ட இயலாதா?

ஆண் பிள்ளைகளும் தப்புவதில்லை. தமிழோ வரலாறோ படிக்க விரும்பும் மகனைச் "சோறு போடுமா?" என்று கேட்டே அடக்கிவிடுகிறோம்.

அந்த மாணவியின் தங்கை இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். சேர்க்கை தொடங்குமுன் அவர்கள் வீட்டிற்குச் செல்லவிருக்கிறேன். ஜமாஅத் தலைவரையும் உடன் வருமாறு கேட்டிருக்கிறேன்.