ஒவ்வொரு விற்பனையிலும் கரையும் மூலதனம்

திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்துக் கடைகளெல்லாம் கதவடைத்து, கரமனை அக்கிரகாரத்துத் தெருக்களில் விளக்கணைந்த பிறகும், இங்குள்ள இளைஞர் பலருடைய கைப்பேசிகளில் ஒரு சந்தை விடிய விடிய நடந்துகொண்டிருக்கிறது. பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களை ஒரே நாளில் பலமுறை வாங்கி விற்கும் இவ்வழக்கத்தைக் குறித்து, விலைச் சரிவென்னும் பிரத்தியட்சமான அபாயத்தைக் காட்டி எச்சரிப்போர் அநேகர். விலை சரியாத காலத்திலும், ஏன், ஏறுகிற காலத்திலும்கூட, ஓயாமல் கைமாற்றுகிறவருடைய மூலதனம் எவ்வாறு கரைகிறது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

2022 ஜூலை 1 முதல், இந்நாணயங்களை விற்கும்போது 1 சதவீதம் மூலத்திலேயே வரியாகப் பிடிக்கப்படுகிறது. லாபத்தில் அன்று, விற்பனைத் தொகை முழுவதிலும். ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டு நாளுக்கொரு முறை வாங்கி விற்கும் ஒருவர், விலையில் ஒரு பைசா ஏற்றத்தாழ்வும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், முப்பதாவது விற்பனை முடியும்போது ஏறக்குறைய 74 ஆயிரம் ரூபாயுடன் நிற்பார். எஞ்சிய 26 ஆயிரம் அவர் பெயரிலேயே வரவாகி இருக்கும். வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டியது போக மிச்சத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் மெய்யே. ஆயினும் அதுவரை அத்தொகை முடங்கியே கிடக்கும். ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொன்றை மாற்றிக்கொண்டாலும், சட்டத்தின் பார்வையில் அதுவும் விற்பனையே.

இதனினும் கொடியது லாப நஷ்டக் கணக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, லாபத்திற்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ வழியில்லை. ஒன்றில் 40,000 ரூபாய் சம்பாதித்து, மற்றொன்றில் அதே 40,000 ரூபாயை இழந்தவர், ஆண்டு முடிவில் ஒரு காசும் சம்பாதிக்காதவராயிருந்தும், 12,480 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க இயலாது. இவ்விதி நியாயமானதென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் அது அமலில் இருக்கும்வரை அடிக்கடி விற்பவரையே அதிகமாகத் தாக்கும். பரிவர்த்தனைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவை வேறு.

நாணயத்தைத் தம் வசத்தில் பத்திரப்படுத்தும் சௌகரியமும் அடிக்கடி விற்கும் இவர்களுக்கு இல்லை. நினைத்த க்ஷணத்தில் விற்பதற்காக அதைச் சந்தையிலேயே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்னும் கிரிப்டோ சந்தை நிறுவனத்திடமிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டபோது, கணக்கு வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் நாணயங்களை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

அடிக்கடி விற்பதன் விளைவைப் பங்குச் சந்தையில் ஆராய்ந்து, பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளைப் பரிசீலித்ததில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் ஈட்டினார்கள், சந்தையோ 17.9 சதவீதம் ஈட்டியிருந்தது.

பங்கு வாங்குகிறவருக்குத் தரகும் வரியும் முத்திரைக் கட்டணமும் இனம் பிரித்த காண்ட்ராக்ட் நோட் ஒன்றைத் தர வேண்டுமென்பது விதி. கிரிப்டோ வியாபாரத்தில் அதனினும் ஒரு படி மேலே போக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்: விற்பனைக்கு ஒப்புதல் கேட்கும் திரையிலேயே, கட்டணம், பிடித்தம், லாபத்தின் மீதான வரி யாவும் போக மிஞ்சும் தொகை ரூபாய்க் கணக்கில், விலையின் அதே அளவு எழுத்தில் தோன்ற வேண்டும். 2023 மார்ச்சில் இச்சந்தைகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த மத்திய அரசுக்கு, இந்த ஒரு தொகையைக் காட்டும்படி உத்தரவிடுவது பெரிய காரியமன்று.