ஏனுங்க, கேக்குதுங்களா?

கை படாமல், குரலால் மட்டுமே கைபேசியை இயக்கும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. 2024 ஜூனில் ஜெமினி செயலி இந்தியாவில் அறிமுகமானபோது, அதில் இடம்பெற்ற ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. அமைப்புகளில் மொழியைத் தேர்ந்து, ஒலிவாங்கிக்கு அனுமதி தந்து, விளிச்சொல்லை நம் குரலில் சில முறை சொல்லிப் பழக்கினால் போதும். சிறிய வேலைதான். அதன்பின் எந்தத் தமிழில் பேசுவது என்பதே என் கேள்வி.

காரில் போகிறவருக்கு இவ்வசதி சொகுசு. காரமடைப் பக்கத்தில் ஈரக்கையோடு கறிவேப்பிலை அறுத்துக் கட்டுபவருக்கும், கண் மங்கிய மூதாட்டிக்கும், எழுத்தறியாதவருக்கும் அது தேவை. ஆனால் இவர்கள் பேசுவது பாடநூல் தமிழ் அன்று. இவர்களுக்கு விருந்தாளி 'ஒறம்பரை', திருவிழா 'நோம்பி', புழக்கடை 'பொடக்காலி', தாய்வழிப் பாட்டனார் 'அப்புச்சி'.

பேச்சை எழுத்தாக்கும் பொறி, ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் இணைத்துக் கற்கிறது. அப்பதிவுகளில் அரிதாக வரும் சொல்லை, தான் அதிகம் கேட்ட வேறொரு சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு மிகுதி. இரண்டு முறை அப்படி நேர்ந்தால் பேசுபவர்தாம் தம் நாவைத் திருத்திக்கொள்வார். வானொலியும் தொலைக்காட்சியும் பொதுத்தமிழை நம்மைக் கேட்க மட்டுமே வைத்தன. இந்தக் கருவியோ பேசவும் வைக்கிறது. வட்டார வழக்குக்கு இதில்தான் ஆபத்து இருப்பதாகக் கருதுகிறேன்.

வங்கிக்குப் போனால் நாம் சற்று மாற்றிப் பேசுவதில்லையா, பத்துக் கட்டளைகளைக் கற்பதில் என்ன குறை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கியில் எதிரே இருப்பவர் மனிதர். நாம் தடுமாறினாலும் குறிப்பறிந்து கொள்வார். கருவி 'புரியவில்லை' என்று சொன்னால், குறை தன் பேச்சில்தான் என்று அந்த மூதாட்டி எண்ணிக்கொள்வார். பிறகு அதைத் தொடவே மாட்டார்.

இலக்கியம் இந்த வழக்கை முன்பே நடத்தியிருக்கிறது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்குக்கும் சொல்லகராதி தந்தார்கள். அச்சில் கிடைத்த இடம் ஒலியிலும் வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. 2017இல் தொடங்கிய மொசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழும் உண்டு; எவரும் குரல்கொடை தரலாம். ஆனால் அது பெரிதும் வளர்ந்தது, கொடுத்த வாக்கியத்தைப் படிக்கும் முறையில். படிக்கும் குரல் வேறு, திண்ணைக் குரல் வேறு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பு, 22 மொழிகளில் இயல்பான உரையாடலையும் பதிவு செய்ய முனைந்தது. திசை அதுதான். கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், ஊர்ப் பெரியவர்களின் பேச்சை அவர்கள் இசைவோடு பதிந்து, வழக்குச் சொல்லைத் 'திருத்தாமல்' எழுத்தாக்கித் தரலாம். எழுத்தாளர்கள் வட்டார உரையாடல்களை உரிமை கோராமல் வழங்கலாம்.

கருவியை எழுப்ப 'ஹே கூகுள்' என்கிறோம். 'ங்க' சேர்க்காமல் அயலாரை விளிக்கக் கூசும் ஊர் இது. 'ஏனுங்க' என்றாலும் அது திரும்பிப் பார்க்கும் நாள் வந்தால்தான், தமிழ் தெரிந்த கருவி என்று அதைச் சொல்வேன்.