மாத்திரை மட்டும் போதுமா? நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கருத்தடை மாத்திரை சாப்பிடத் தொடங்கும் பெண்களில் பலருக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் இடையிடையே உதிரம் படும். துணியில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு தெரியும். இது பெரும்பாலும் நோய் அல்ல. மாத்திரை கெட்டுப்போனது என்றும் அர்த்தம் அல்ல. உடம்பு மாத்திரைக்குப் பழகியதும் தானாகவே நின்றுவிடும்.

இந்தச் சின்னச் செய்தியை முன்னாலேயே சொல்லிவிட்டால் ஒரு பயமும் இல்லை. சொல்லாமல் விடுவதால் வருகிற துன்பமோ பெரிது!

வாழப்பாடியில் ஒரு மருமகள்

வாழப்பாடிப் பக்கத்தில் பாக்குத் தோப்பிலும், குச்சிக்கிழங்குக் காட்டிலும் வேலை செய்யும் ஓர் இளம் பெண் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு குழந்தை. அடுத்த குழந்தைக்கு மூன்று வருடம் போகட்டும் என்று அவளும் கணவனும் முடிவு செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருகிறாள்.

பத்தாம் நாள் உதிரம் படுகிறது. அவள் திடுக்கிடுகிறாள். தலைக்குக் குளித்துப் பத்து நாள்கூட ஆகவில்லையே!

"மறுபடியுமா? அடுப்பங்கரைப் பக்கம் வராதே" என்கிறார் மாமியார். "கண்ட மாத்திரையையும் சாப்பிட்டால் இப்படித்தான். கருப்பை புண்ணாகிவிட்டது" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவனிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். மாத்திரை அட்டையைத் தூக்கிப் பரணில் போடுகிறாள்.

பிறகு என்ன நடக்கும்? உதிரப்போக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஏனென்றால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாலே உதிரம் வரும். அதோடு கரு தங்கும் ஆபத்தும் வந்துவிடும். வேண்டாத நேரத்தில் கரு உண்டானால், யாருக்கும் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கலைக்கும் எண்ணம் வரும். அங்கேதான் உயிருக்கு ஆபத்து!

இதில் தவறு யாருடையது? அந்தப் பெண்ணுடையது அல்ல. மாத்திரையைக் கொடுத்தவர்கள் விவரத்தைக் கொடுக்கவில்லை. அதுதான் தவறு.

ஏன் உதிரம் படுகிறது?

கருப்பையின் உள்ளே மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மாதா மாதம் அது வளர்ந்து, கரைந்து வெளியே வருவதுதான் மாதவிலக்கு. மாத்திரையில் உள்ள ஹார்மோன்கள் அந்தப் படலத்தை மெலிதாக வைக்கின்றன. புது நாற்று வேர் பிடிக்கச் சில நாள் ஆகும் அல்லவா? அதுபோல, உடம்பு புதிய ஹார்மோன் அளவுக்குப் பழகச் சில வாரம் ஆகும். அதுவரை படலம் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரை. மீதி 7 இரும்புச்சத்து மாத்திரை. அந்த 7 நாட்களில் மாதவிலக்குப் போல உதிரம் வரும். அது வரவேண்டியதுதான். மற்ற நாட்களில் படுவதே இடை உதிரம்.

அந்த நாள் கதை

இது புதிய சங்கதி அல்ல. மாத்திரை பிறந்த நாளிலேயே உடன் பிறந்தது. 1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களுக்கு முதன்முதலாகப் பெரிய அளவில் மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தார்கள். அதற்கு முன் அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தற்செயலாகச் சிறிது கலந்திருந்தது. அதைக் கலப்படம் என்று எண்ணி நீக்கிப் பார்த்தார்கள். உடனே பெண்களுக்கு இடை உதிரம் அதிகமாயிற்று. மறுபடியும் சேர்த்தார்கள். உதிரம் குறைந்தது! அன்று முதல் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையின் ஒரு பாகமாகிவிட்டது. 1960-ல் அமெரிக்க அரசு அதைக் கருத்தடைக்கு அனுமதித்தது.

அந்தச் சோதனையை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண்மணி, "மாத்திரை கருவைத் தடுக்கிறது, ஆனால் தொல்லைகளும் அதிகம்" என்ற கருத்தைத் தெரிவித்தார். மேலே இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் மனப்பிரமை என்று ஒதுக்கப் பார்த்தார்கள்.

அன்றைய மாத்திரையில் ஹார்மோன் மிக அதிகம். இன்று பல மடங்கு குறைத்துவிட்டார்கள். மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம்தான். அளவு குறைந்ததால் இரத்தம் உறையும் ஆபத்து குறைந்தது. ஆனால் இடை உதிரம் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். பெரிய ஆபத்து குறைந்ததற்கு இது ஒரு சிறிய விலை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு நாள் மறந்தால், நினைவு வந்ததும் சாப்பிட வேண்டும். அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பாதகம் இல்லை.

ஹார்மோன் மாத்திரையில் இரண்டு நாளோ, அதற்கு மேலோ மறந்தால், ஒன்றை உடனே சாப்பிட்டுத் தொடர வேண்டும். 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். மூன்றாவது வாரத்தில் இப்படித் தவறினால், இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நர்சைக் கேட்பது நல்லது.

வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு இருந்தால் மாத்திரை உடம்பில் சேராது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். அப்போதும் உதிரம் படும், கருவும் தங்கலாம். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்குப் பிறகும் உதிரம் படுகிறதா? பல மாதம் ஒழுங்காக இருந்து திடீரென்று படுகிறதா? உறவுக்குப் பின் படுகிறதா? டாக்டரைப் பார்க்க வேண்டும். கருப்பைக் கட்டி, கிருமித் தொற்று, கருப்பை வாய்ப் புற்று போன்றவை இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். கரு தங்கியிருக்கிறதா என்றும் சோதிப்பார்.

ஒரு மணிக்கு ஒரு முறை துணி நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலும், அடிவயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் ஆகியவையும் அபாய அறிகுறிகள். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், முன்பு இரத்தம் உறைந்தவர்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள் இந்த மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வேறு வழிகளும் உண்டு

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மருந்து, 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. அதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரு முறை. பிறகு வாரம் ஒரு முறை. அதில் மாதவிலக்கு தள்ளிப் போவது உண்டு. 15 நாளுக்கு மேல் தள்ளினால் கரு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டி உண்டு. ஆணுறை உண்டு. குழந்தைகள் போதும் என்றால் ஆண்களுக்கான சிறிய அறுவையும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண் மட்டும்தான் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. ஒரு குழந்தைக்கும் மறு குழந்தைக்கும் இடைவெளி விட மாத்திரை உதவும். அந்த நல்ல வழி ஒரு பொட்டு உதிரத்தைக் கண்டு அடைபட்டுப் போகலாமா?

"முதல் மூன்று மாதம் இடையில் உதிரம் படலாம். பயப்பட வேண்டாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதிகமானால் வந்து சொல்லுங்கள்." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அட்டையைக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இதைச் சொல்லியே தீர வேண்டும். கிராம சுகாதார நர்சுகள் முதல் மாதத்தில் ஒரு தடவை வீட்டுக்குப் போய் விசாரிப்பது அதைவிட நல்லது.

ஆனால் வந்து சொல்கிறவளைப் பார்த்து, "எல்லோருக்கும் இருப்பதுதான், போ" என்று விரட்டக் கூடாது. "பயப்படாதே" என்பது வேறு. "வாயை மூடு" என்பது வேறு. நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்கள் சிந்தும் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு உண்டு.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தினால் படுகிற உதிரத்துக்கு மருமகளை ஒதுக்கி வைப்பதில் என்ன நியாயம்? கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை இருவருக்கும் பொது. மாத்திரையின் தொல்லையும் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நர்சு சொல்வதைக் கணவனும் காது கொடுத்துக் கேட்டால், பாதிக் கலக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.